இருநூற்று இருபத்தாறு மௌனங்கள்

மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, படக் கம்பெனி அலுவலகத்தின் இரண்டாவது மாடியில் 138 பக்கத் திரைக்கதை ஒன்று எழுத்தாளரிடம் திருப்பித் தரப்பட்டது. பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்பது அங்கே கணக்கு. வெள்ளிக்கிழமை மாலைக்குள் 120 பக்கத்துக்குள் வராவிட்டால் வேறு ஆளை வைத்து எழுதிக்கொள்வதாக மேலாளர் சொன்னார்.

"கதை நல்லாத்தான் இருக்கு சார். ஆனா ஏன் எல்லாரும் பாதியில நின்னுடறாங்க? லிஃப்ட்காரர்கூட 'மூணாவது'ன்னு சொல்லிட்டு மௌனம், அப்புறம் 'மாடி'ங்கறார்."

எழுத்தாளருக்கு ஐம்பத்தெட்டு வயது. கை நடுக்கம் வந்தபிறகு, அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்வது அவருடைய அண்ணி. முப்பத்தோரு வருடம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தவர். சாட்சி வாயடைத்து நின்றால் அதையும் பதிவு செய்வது அங்கே பழகிய முறை. கொழுந்தன் நிறுத்திய இடமெல்லாம் புது வரியில் '(மௌனம்)' என்று போட்டு, கீழே மறுபடி பாத்திரத்தின் பெயரை அடித்திருந்தார். ஒரு மௌனம் மூன்று வரி சாப்பிட்டது.

"அண்ணி, நான் மௌனம்னு சொன்னேனா?"

"சொல்லலை. சும்மா இருந்தீங்க. அதைப் போட்டேன்."

"மூச்சு வாங்கினேன் அண்ணி. அதையுமா?"

"ஜட்ஜ் தும்மினா மட்டும்தான் விடுவேன்."

அன்று மதியமே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்கள். அண்ணி வாசிக்க, அவர் "எடுங்க", "இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். அண்ணி ஒரு தாளில் கோடு போட்டு எண்ணினார். நூறாவது பக்கத்தில் நிறுத்திவிட்டு, மிச்சத்தைத் தனியே புரட்டிப் பார்த்தார். ஜனவரியில் அடித்த முதல் இருபது பக்கங்களில் ஒன்பது மௌனம். போன வாரம் அடித்த கடைசி இருபதில் ஐம்பத்தெட்டு. அங்கே கதையில் எல்லாரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, இந்த மூச்சு வாங்கறதுக்கு டாக்டரைப் பார்த்ததா சொன்னீங்களே, எப்ப?"

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"இதுக்கும் மௌனம்னு போட்டுக்கவா?"

"இது முடியட்டும் அண்ணி. இப்பப் போனா படுக்க வெச்சிடுவாங்க. இந்தப் படம் கையை விட்டுப் போச்சுன்னா எனக்கு அடுத்தது கிடையாது."

அண்ணி மடிக்கணினியை மூடினார். "138 பக்கம் இப்ப 128ல நிக்குது. மிச்சத்தை எடுக்கணும்னா முதல்ல ஆஸ்பத்திரி."

"இது மிரட்டல்."

"ஆமா. வேணும்னா வக்கீல் வெச்சுக்குங்க."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. இருமல் அடங்கும்வரை அண்ணி அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

புதன்கிழமை எக்ஸ்ரே எடுத்தார்கள். இடது நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. அன்றே வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். வியாழக்கிழமை பார்வையாளர் நேரத்தில் அண்ணி கட்டிலருகே உட்கார்ந்து மிச்சத்தை வாசித்தார். மொத்தம் இருநூற்று இருபத்தாறில் பதினாறு மௌனங்களை மட்டும் எழுத்தாளர் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மாலை நாலேகாலுக்கு 117 பக்கங்கள் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தன. அடுத்த செவ்வாய்க்கிழமை ஒப்புதல் கடிதம் வந்தது. அவர் மேலும் ஒன்பது நாள் வார்டில் இருந்தார்.