கருப்பன் உட்கார்ந்த கழுத்து

சிக்கல் வட்டாரத்துப் பொதுமக்களுக்கும், திருப்பூரிலும் துபாயிலும் இருந்துகொண்டு கோயில் வரியைத் தவறாமல் அனுப்பிவைக்கும் பங்காளிகளுக்கும், கருப்பசாமியின் அருளுக்குப் பாத்திரமான சகலமானவர்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: நம் சாமியாடி நாகேந்திரன் அவர்களின் கழுத்திலிருந்து மதுரை மருத்துவர்கள் வெளியே எடுத்த சவ்வில், கருப்பசாமி குடியிருந்ததற்கான தடயம் எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்தது முகப்பருக் கிருமி.

இதை யாரும் தண்டோரா போடவில்லை. தேவையும் இருக்கவில்லை. மருத்துவர் இதைச் சொன்னபோது கோயில் கமிட்டித் தலைவர் தர்மராஜ் அந்த அறையில் இருந்தார். அவர் சிக்கலில் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் செய்தி ஊருக்கு வந்துவிட்டது.

நாகேந்திரனுக்குக் கழுத்துவலி புதிதல்ல. மூட்டை தூக்கியவனுக்கும் வலிக்கும், மிளகாய்க் கொல்லையில் நாளெல்லாம் குனிந்து நின்றவனுக்கும் வலிக்கும். ஆனால் அவர் வலிக்குத் தனி மரியாதை இருந்தது. "கருப்பன் ஏறி உக்காந்து உக்காந்துதேன் கழுத்து தேஞ்சுபோச்சு" என்றது ஊர். நாகேந்திரன் அதை மறுக்கவில்லை. வலியோடு வருகிற பெருமையை யார்தான் வேண்டாம் என்பார்கள்? வலது கை மரத்து, மாசிக் களரித் திருவிழாவில் ஏந்தும் அரிவாள் ஒருநாள் கையிலிருந்து நழுவிக் காலடியில் விழுந்த பிறகுதான் மதுரைக்குப் போனார்.

கழுத்தில் ஐந்தாவது எலும்புக்கும் ஆறாவது எலும்புக்கும் நடுவில் இருந்த சவ்வு அரித்துப்போய் நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது. தொண்டைப் பக்கமாகக் கீறி, சவ்வை எடுத்துவிட்டு, இடுப்பிலிருந்து எடுத்த எலும்புத் துண்டை அந்த இடத்தில் வைத்து, தகடு போட்டுத் திருகினார்கள். எடுத்த சவ்வு பரிசோதனைக்குப் போனது.

"இந்தக் கிருமி நம்ம எல்லார் தோல்லயும் இருக்குறதுதான்" என்றார் மருத்துவர் துர்காதேவி. "பல வருஷமா உள்ளேயே இருந்து சவ்வ அரிச்சிருக்கலாம். இல்ல, ஆபரேஷன் பண்ணும்போது தோல்ல இருந்து ஒட்டிக்கிட்டு வந்திருக்கலாம். எதுன்னு எனக்கு உறுதியாத் தெரியல. எதுக்கும் மாத்திரை தர்றேன்."

தெரியாது என்று சொல்கிற ஒருவரிடம் மக்கள் இவ்வளவு பக்தியோடு வரிசையில் நிற்பதை நாகேந்திரன் அன்றுதான் பார்த்தார். அவர் வாயிலிருந்து கருப்பன் ஒருநாளும் தெரியாது என்று சொன்னதில்லை.

முக்கியமாக, இராமலட்சுமியிடம் சொன்னதில்லை.

இராமலட்சுமி அவர் மனைவி. அவர்களுடைய ஒரே மகள் பூங்கோதை, தனுஷ்கோடிக்குச் சுற்றுலா வேன் ஓட்டும் வசந்தகுமாரைக் கட்டிக்கொண்டு இராமேஸ்வரத்துக்குப் போய்விட்டாள். வசந்தகுமார் வேறு சாதி. "எனக்கு மகளே இல்ல" என்று நாகேந்திரன் கோயில் வாசலில் வைத்து அறிவித்தார். அதன் பிறகு ஒவ்வொரு மாசிக் களரியிலும், விடிகிற நேரத்தில், சாமி குறி சொல்லும்போது இராமலட்சுமியும் மற்றப் பெண்களோடு வரிசையில் நிற்பாள். தன் புருஷன் முன்னால் கைகூப்பி, "எம் மக வீட்டுக்கு வருவாளா, கருப்பா?" என்று கேட்பாள். கருப்பன் அவள் நெற்றியில் திருநீறு பூசி, "வருவா, ஆத்தா. நானே கூட்டியாருவேன்" என்பான். வருடத்தில் அந்த ஒரு விடியலில்தான் அந்தக் கை அவள் நெற்றியைத் தொடும்.

மறுநாள் அவள் கஞ்சி ஊற்றும்போது மெல்ல ஆரம்பிப்பாள். "நேத்து சாமி சொல்லிருச்சு…"

"சாமி எறங்குனா எனக்கு ஒண்ணும் நெனவிருக்காது. சாமி சொன்னதச் சாமிகிட்டதேன் கேக்கணும். வெங்காயத்த எடு."

நினைவிருந்தது. எல்லா வருடமும் இருந்தது.

அறுவைச் சிகிச்சைக்கு மறுநாள் மதியம் அவர் கழுத்துப் பட்டையோடு மல்லாந்து கிடந்தார். தொண்டையில் குரலுக்குப் பதில் காற்றுதான் வந்தது. மின்விசிறி ஒன்றே உலகமாக இருந்தது. மருந்து வாங்க இராமலட்சுமி கீழே போயிருந்தாள். வாசல் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு குரல்.

"அய்யா."

அவருக்குத் தெரிந்துவிட்டது. கழுத்து திரும்பவில்லை. குரல் வரவில்லை. இதுவரை குற்றம் உடம்பினுடையது. துர்காதேவியிடம் கேட்டால் கையெழுத்துப் போட்டே கொடுப்பார். ஆனால் கண்ணுக்கு யாரும் பட்டை கட்டவில்லை. அந்தக் கண் நிறைந்துவிட்டது. ஊரே விழுந்து கும்பிட்ட ஆள், மூத்திரக் குழாயோடு கிடந்து அழுவதை இவளா பார்ப்பது? நாகேந்திரன் கண்ணை மூடிக்கொண்டார்.

"தாத்தா தூங்குதாம்மா?" என்றது ஒரு பிஞ்சுக் குரல்.

"இல்ல."

பிளாஸ்டிக் பை ஒன்று மேசைமேல் வைக்கப்படும் சத்தம் கேட்டது. ஆரஞ்சுப் பழம். முன்பின் பழக்கமில்லாத நோயாளிக்குக்கூட வாங்கிப்போவோமே, அது. செருப்புச் சத்தம் போய்விட்டது.

இராமலட்சுமி அன்று சாயங்காலம் மகளுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போடாமல் அவளுக்குப் பேச வராது. "கழுத்து திரும்ப ஏலாதுத்தா அவருக்கு. கொரலும் வரல. நீ தப்பா நெனைக்காத."

"தெரியும்மா. நர்ஸக்கா சொல்லித்தான் உள்ள விட்டாக. கண்ணு திரும்பும்ல?"

அதன் பிறகு பூங்கோதை போனை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தார். மாத்திரைக்கு வயிறு குமட்டியது. இட்லியைக் கரைத்து விழுங்கினார். மார்கழியில் குரல் கரகரவென்று திரும்பியது. சட்டைப் பொத்தானைத் தானே போட முடிந்தது. யாராவது கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்ப வேண்டியிருந்தது. ஊர் இதை மரியாதை என்று எடுத்துக்கொண்டது.

இராமேஸ்வரத்துக்கு பஸ் இருந்தது. கையில் போன் இருந்தது. ஆனால் கோயில் வாசலில் அறுத்ததை வீட்டு முற்றத்தில் ஒட்டவைக்க அவருக்கு மனம் வரவில்லை. அவர் வேறொன்று நினைத்திருந்தார். இந்தக் களரியில் சாமி இறங்கும். இராமலட்சுமி கேட்பாள். "ஏலே நாகேந்திரா, நாளைக்கே போய்க் கூட்டியா" என்று தன் வாயாலேயே தனக்கு உத்தரவு வரும். ஊர் முழுக்கக் கேட்கும். இந்த ஒரு தடவை அவருக்கு நினைவிருக்கும். சாமி உத்தரவுக்கு மேல் யார் பேச முடியும்?

அதற்குள் கமிட்டி கூடிவிட்டது.

"இரும்பு இருக்குற ஒடம்புல சாமி எறங்காது" என்றார் தர்மராஜ்.

"இரும்பு இல்லப்பா, டைட்டானியம்" என்றார் நாகேந்திரன்.

"அது வெள்ளி வகையா?"

பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த ராக்குக் கிழவி வாயைத் துடைத்தாள். "அப்ப கருப்பன் கையில இருக்குற அருவா என்ன, பிளாஸ்டிக்கா? கெடா வெட்டயில ஒங்களுக்கு இந்தச் சந்தேகம் வரலையே!"

கமிட்டிக்குக் காபி வந்தது. சாமியே ஆளைத் தேர்ந்துகொள்ளட்டும் என்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

களரி அன்று கிழக்கு வெளுக்கும் நேரம். நாகேந்திரன் கழுத்துப் பட்டையைக் கழற்றி இராமலட்சுமியிடம் கொடுத்தார். "டாக்டரம்மா ஆட்டக் கூடாதுன்னாகளே" என்றாள். பக்கத்தில் அவர் தம்பி மகன் மருதுபாண்டி, செல்போன் கடை வைத்திருப்பவன், வேட்டியை மடித்துக் கட்டி நின்றான்.

உருமி முழங்கியது. முன்பெல்லாம் முதலில் தலைதான் சுழலும். பிறகு தோள், பிறகு இடுப்பு. கழுத்துதான் சாமிக்கு வாசல். இன்று உருமி நெஞ்சுவரை வந்தது. அதற்கு மேல் ஏறவில்லை. ஒருமுறை வலிந்து ஆட்டிப் பார்த்தார். தோள்வரை மின்னல் வெட்டியது. கருப்பன் வரவில்லை, பயம் வந்தது. நட்டுவைத்த கல்போல் நின்றார். உருமி வேகமெடுத்தது. அவருக்குப் பக்கத்திலிருந்து ஓர் அலறல் எழுந்தது. குலவை வெடித்தது. அரிவாளும் கச்சையும் மருதுபாண்டிக்குப் போயின.

குறி கேட்க வரிசை நின்றது. அதில் நாகேந்திரனும் நின்றார். யாரும் சிரிக்கவில்லை, தர்மராஜ்கூட. முறை வந்ததும் கைகூப்பினார்.

"எம் மக வருவாளா, கருப்பா?"

சிவந்த கண்களுக்குள்ளிருந்து ஒரு நொடி மருதுபாண்டி எட்டிப்பார்த்தான், பெரியப்பாவைக் கண்டு மிரண்ட பையனாக. பிறகு சின்ன வயதிலிருந்து இதே இடத்தில் கேட்டு வளர்ந்ததை எடுத்துச் சொன்னான்.

"வருவா. நானே கூட்டியாருவேன்."

நெற்றியில் திருநீறு விழுந்தது. அந்த வார்த்தைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று அந்தக் கூட்டத்தில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. இருந்தும் ஒரு கணம் நெஞ்சு நம்பியது. இத்தனை வருடமும் இராமலட்சுமி இப்படித்தான் நம்பியிருப்பாள் என்று அப்போதுதான் தோன்றியது.

முழு உடம்போடு திரும்பினார். இராமலட்சுமி வரிசையில் இல்லை. கழுத்துப் பட்டையை மடியில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள்.

"நீ கேக்கலையா?"

"அதான் நீங்க கேட்டுட்டீகளே" என்றாள். எழுந்து பட்டையை அவர் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

மறுநாள் காலை மருதுபாண்டியின் கடைக்குப் போனார். அவன் யாருடைய போனுக்கோ கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தான்.

"ஏலே, நேத்து சாமி ஒண்ணு சொல்லுச்சே. ராமேஸ்வரம் வரைக்கும் நாம ரெண்டு பேருமாப் போயி…"

மருதுபாண்டி நிமிரவில்லை. "எனக்கு ஒண்ணும் நெனவில்ல பெரியப்பா. சாமி சொன்னதச் சாமிகிட்டதேன் கேக்கணும்."

பங்குனியில் எடுத்த எக்ஸ்ரேயில் கழுத்து எலும்பு மட்டும் நன்றாகக் கூடியிருந்தது.