கடைசி ஐந்து புள்ளிகள்

அந்த வரைபடத்தைப் போட்டவன் நான்தான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் எங்காவது மழுப்பிவிடுவேன்.

பகலில் நான் ஒரு சலவைக் கூடத்தில் எழுத்தர். மருத்துவமனைகளும் விடுதிகளும் அனுப்பும் படுக்கை விரிப்புகளைக் குறித்து வாங்க வேண்டும். கொதிகலனின் அழுத்தத்தை மணிக்கொரு முறையும் இஸ்திரிக் கூடத்தின் வெப்பத்தை நாளுக்கு மூன்று முறையும் பதிவேட்டில் எழுத வேண்டும். மாலையில் புள்ளியியல் வகுப்புக்குப் போகிறேன். அக்கா அதே கூடத்தில் இஸ்திரி போடும் உருளை இயந்திரத்துக்குள் ஈர விரிப்புகளைத் தள்ளும் வேலையில் இருக்கிறாள். கீழே நீராவியில் கொதிக்கும் உருளை, தலைக்கு மேல் வெயிலில் காயும் தகரக் கூரை. போன மாதம் ஒரு விரிப்பின் முனையைப் பிடித்தபடியே மயங்கி விழுந்தாள். அதற்குப் பிறகுதான் அங்கே வேலை செய்யும் பதினான்கு பேரும் கையெழுத்துப் போட்டு, கூரைக்கு அடியில் வெப்பத்தைத் தடுக்கும் பலகைத் தளம் அடிக்கச் சொல்லி மேலாளரிடம் மனு கொடுத்தார்கள்.

மேலாளரைக் கூடத்தில் யாரும் மேலாளர் என்று சொல்வதில்லை. தொலைநோக்கி என்பார்கள். அவர் அறை ஜன்னலில் நிஜமாகவே ஒன்று இருக்கிறது. காலை பத்து மணிக்கு அதைச் சூரியன் பக்கம் திருப்பி, பின்னால் வெள்ளை அட்டையை நிறுத்தி, அதில் விழும் வட்டத்தில் தெரியும் கரும்புள்ளிகளைப் பென்சிலால் குறிப்பார். இருபது வருடப் பழக்கம். அவர் கொள்கை ஒன்றே ஒன்று. பூமி சூடாவதும் குளிர்வதும் சூரியனின் விருப்பம். புகை, கரி என்பதெல்லாம் மனிதன் தன்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொள்வதால் வந்த பேச்சு.

"தூரத்துல இருக்குற புள்ளியெல்லாம் தெரியும். பக்கத்துல ஆள் விழுந்தா தெரியாது" என்று மடிப்பு மேசைக்காரம்மா சொல்வார், மேலாளர் காதில் விழும்படியே.

மனு வருவதற்கு முன்பே அவர் என்னை அறைக்குக் கூப்பிட்டிருந்தார். "நீ கணக்கு படிக்கிறவன்தானே. சூரியப் புள்ளிக்கு ஒரு கோடு, உலக வெப்பத்துக்கு ஒரு கோடு, ஒரே தாள்ல போட்டுக் குடு. புள்ளி கூடிக் குறையறது பதினொரு வருஷத்துக்கு ஒரு சுத்து, அதனால பதினொரு வருஷச் சராசரியாப் போடு. அப்பதான் ஏத்த இறக்கம் அடங்கும்."

யாரும் என்னிடம் அதுவரை அப்படி எதையும் கேட்டதில்லை. இரண்டு ஞாயிறு உட்கார்ந்து போட்டேன். ஒவ்வொரு எண்ணையும் மூன்று முறை சரிபார்த்தேன். தாளின் வலது ஓரத்தில் இரண்டு கோடுகளும் சேர்ந்து மேலே ஏறின. பார்க்க அழகாக இருந்தது.

மனு கொடுத்த மறுநாள் அந்தப் படம் அறிவிப்புப் பலகையில் ஏறியது. அடியில் அவர் கையால் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'வெப்பத்துக்குக் காரணம் சூரியன். இன்னும் நான்கைந்து ஆண்டுகளில் புள்ளிகள் குறைந்ததும் தானே தணிந்துவிடும். பலகைத் தளம் தேவையில்லை.'

அன்று வீட்டில் அக்கா என் தட்டைத் தரையில் வைத்தாள், வைத்த சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

"நல்லா இருக்குடா உன் படம். என்னை விழ வச்சவனுக்கே நற்சான்று எழுதிக் குடுத்திருக்க."

"நான் கூரையைப் பத்தி ஒரு வார்த்தை எழுதலக்கா. கோடு மட்டும்தான் போட்டேன்."

"ஆமா. கயிறு மட்டும்தான் திரிச்சேன், கழுத்துல மாட்டினது வேற ஆளு."

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

படம் சரி என்று யாராவது சொன்னால் தேவலை போலிருந்தது. வியாழன் மாலை வகுப்புக்குப் பிரதியை எடுத்துப்போனேன். ஆசிரியை பாராட்டு சொல்கிற வழக்கம் இல்லாதவர். தாளை விளக்குக்கு அடியில் பிடித்துப் பார்த்தார். விரல் நகம் நேராக வலது ஓரத்துக்குப் போனது.

"பதினொரு வருஷச் சராசரின்னா என்ன?"

"அந்த வருஷம், அதுக்கு முன்னால அஞ்சு, பின்னால அஞ்சு, மேடம்."

"சரி. போன வருஷத்துக்குப் பின்னால இருக்குற அஞ்சு வருஷத்தை எங்க பார்த்த? போயிட்டு வந்தியா?"

வகுப்பு சிரித்தது. பின் வரிசையிலிருந்து ஒருவன், "எனக்கும் ஒரு சீட்டு பிடிச்சு வச்சிருக்கலாம்ல" என்றான்.

என் காது சூடானது. செய்தது என்னவென்று எனக்குத் தெரியும். கடைசி ஐந்து ஆண்டுகளுக்குப் பதினொரு எண்கள் கிடைக்காது. அங்கே கோட்டை நிறுத்தியிருக்க வேண்டும். பாதியில் நின்ற கோடு அசிங்கமாக இருந்ததால், கிடைத்த பத்து, ஒன்பது, எட்டு, ஏழு, ஆறு எண்களை வைத்தே சராசரி போட்டு நீட்டிவிட்டேன். அண்மை ஆண்டுகள் சூரியனில் புள்ளிகள் மிகுந்த ஆண்டுகள். எண்கள் குறையக் குறைய அந்த மிகுதி மட்டுமே சராசரியில் மிஞ்சி, கோடு குபீரென்று எழுந்துவிட்டது. எழுந்தது எனக்குப் பிடித்திருந்தது. மற்ற எல்லாவற்றையும் மூன்று முறை பார்த்தவன், அதை ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இரண்டு கோட்டுலயும் கடைசி அஞ்சை எடு" என்றார் ஆசிரியை.

எடுத்தேன். வெப்பத்தின் கோடு அப்போதும் ஏறியது. சூரியனின் கோடு சுமார் நாற்பது ஆண்டுகளாக மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

"சூரியனுக்குப் பங்கே இல்லைன்னு யாரும் சொல்லல. பழைய ஏத்த இறக்கத்துல அதுக்கும் இடம் உண்டு. ஆனா இந்த நாப்பது வருஷ ஏத்தத்தை அது தலையில கட்ட முடியாது. கட்டினது நீ. போய் அவிழ்த்துட்டு வா."

மறுநாள் காலை புதிய படத்தோடு மேலாளர் அறைக்குப் போனேன். அவர் வெள்ளை அட்டையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"போன மாசம் நீ குடுத்தது உண்மை. இன்னைக்கு அது பொய். அப்போ இன்னைக்குக் குடுக்கறது அடுத்த மாசம் என்னவாகும்?"

இந்தக் கேள்வியை இரவெல்லாம் நானே என்னிடம் கேட்டிருந்தேன். "நான் தப்புப் பண்றவன்தான் சார். ஆனா இந்தத் தப்பு என்னோடது. எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்."

"சாயங்காலப் பள்ளிக்கூடத்துல ரெண்டு எழுத்துப் படிச்சுட்டு சூரியனையே திருத்த வந்துட்ட. படிச்சவங்களே இதுல அடிச்சுக்கறாங்க. அவங்க முடிக்கட்டும், அப்புறம் கூரையைப் பேசலாம்." பென்சிலை என் பக்கம் நீட்டினார். "அறிவிப்புப் பலகையில கை வச்சே, நாளையிலிருந்து பதிவேட்டை வேற ஆள் எழுதுவான்."

நூல் வெட்டும் கத்தரிக்கோல் மடிப்பு மேசையில் கிடந்தது. இடைவேளை மணி அடித்ததும் அதை எடுத்துக்கொண்டு அறிவிப்புப் பலகைக்குப் போனேன். வலது ஓரத்தில் ஒரு விரல் அகலத் துண்டை, மேலிருந்து கீழ்வரை வெட்டினேன். வெட்டு நேராக வரவில்லை. நின்றிருந்தவர்களிடம் என்ன செய்தேன், ஏன் தப்பு என்று சொன்னேன். மூன்று முறை தடுமாறினேன்.

"அப்போ நாலு வருஷத்துல தணியாதா?" என்றார் மடிப்பு மேசைக்காரம்மா.

"தணியும்னு இந்தப் படத்தை வச்சுச் சொல்ல முடியாதும்மா."

"இதைச் சொல்றதுக்கு ஒரு பரீட்சை எழுதணுமா."

அக்கா முன்னால் வந்தாள். பத்து நாளில் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "சூரியனா புகையான்னு அவங்க அடிச்சுக்கட்டும். இங்க எவ்வளவு? நீதானே தினமும் எழுதற."

"முப்பத்தேழு."

கூட்டம் சிரித்தது. அது நல்ல சிரிப்பு இல்லை. "எங்க, உங்க வீட்டுலயா?" என்று கேட்டார்கள்.

வெப்பமானி தெரு வாசல் தூணில் தொங்குகிறது. எனக்கு முன்னால் இருந்த எழுத்தர் அங்கே பார்த்தார். நானும் இரண்டு வருடமாக அங்கேயே பார்த்தேன். தெருக்காற்று அதன் மேல்தான் அடிக்கும். எண்ணைச் சரியாகப் படித்தேன், ஆனால் எண் வரும் இடம் சரியா என்று பார்க்கவே இல்லை. அதைக் கழற்றிக் கொண்டுபோய் அக்கா நிற்கும் இடத்தில், அவள் தலை உயரத்தில், உருளையின் சூடு நேராகப் படாமல் மாட்டினேன். கால் மணி நேரம் காத்திருந்தோம். நாற்பத்து நான்கு. பதிவேட்டில் எண்ணையும் இடத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அக்கா பார்த்தாள். உருளையின் விசையை அணைத்தாள். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கையிலிருந்த விரிப்பைக் கீழே வைத்தார்கள்.

சத்தம் நின்றதும் மேலாளர் வெளியே வந்தார். "யாரு நிறுத்தச் சொன்னது?"

"சூரியன்தான் சார்" என்றாள் அக்கா. "எல்லாம் அவர் விருப்பம்னு நீங்கதானே சொல்வீங்க."

நான்கு மணிக்குள் விரிப்பு கேட்டு மருத்துவமனையிலிருந்து இரண்டு முறை தொலைபேசி வந்தது. ஐந்து மணிக்கு ஒரு தச்சர் நாடாவோடு வந்து கூரையை அளந்தார். திங்கள்கிழமை எட்டு மணிக்கு ஏணியோடு வருவதாகச் சொல்லிப்போனார். எனக்கும் உத்தரவு வந்தது. திங்கள் முதல் நான் அழுக்கு விரிப்பு வாங்கும் கொட்டகையில். பதிவேடு வேறு ஆளுக்கு.

அந்த நாற்பத்து நான்கு மனதை அரித்தது. அந்த வெப்பமானியை யாரும் எதனோடும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. சனிக்கிழமை அதைக் கேட்டு வாங்கி, வகுப்பு நடக்கும் பள்ளிக்கூடத்தின் ஆய்வறை வெப்பமானியோடு ஒரே பாத்திர வெந்நீரில் வைத்துப் பார்த்தேன். எங்களுடையது ஒரு பாகை கூடக் காட்டுகிறது. அன்று கூடத்தில் இருந்தது நாற்பத்து மூன்று.

அக்காவிடம் சொன்னேன். துவைத்த துணியை உதறிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"இதைப் போய் அவர்கிட்ட சொல்லப்போறியா?"

"சொல்லணும்லக்கா."

"சொன்னா, பார்த்தியா இதுவும் பொய்னு தச்சரைத் திருப்பி அனுப்புவார்."

"நாப்பத்து மூணும் ஆள் விழுற சூடுதான்."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்." துணியை என் முகத்துக்கு நேராக உதறினாள். "உன்னை மாதிரி ஒருத்தன் ஒரு வீட்டுக்குப் போதும்டா."

சொல்லாமல் விடவும் முடியவில்லை, கூரையை இழக்கவும் முடியவில்லை. எனவே நேரத்தைக் குறித்துவைக்கிறேன். தச்சர் எட்டு மணிக்கு ஏணி போடுவார். முதல் பலகைக்கு ஆணி இறங்கக் கால் மணி நேரம் ஆகும் என்று அவரிடமே கேட்டுவைத்திருக்கிறேன். எட்டரைக்கு மேலாளர் அறைக் கதவைத் தட்டுவேன்.