கடைசியாகப் பயன்படுத்திய தேதி

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மூன்றாவது கோப்பை காபியைக் குடித்துக்கொண்டே என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன். கம்ப்யூட்டரில் ஒரு படிவம் வந்திருந்தது. வருஷா வருஷம் வருவதுதான். எல்லைக் காவலுக்காகப் பொதுப் பணத்தில் வாங்கிய ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம். பொருள் எண், இருக்கும் இடம், நிலைமை. நிலைமை என்ற கட்டத்தில் ‘நன்று, பசி அதிகம்’ என்று எழுதினேன். அடுத்த கேள்வி, ‘வாங்கிய நோக்கத்துக்கு இப்போதும் பயன்படுகிறதா?’ கொஞ்சம்கூட யோசிக்காமல் ‘இல்லை’யை அழுத்தினேன். காரணம் கேட்டது. ‘எல்லைச் சாவடி மூடிக் கிடக்கிறது. வண்டி வருவதில்லை. நாய் பெரும்பாலும் என் வீட்டு சோபாவில் தூங்குகிறது’ என்று உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பிவிட்டு மிச்சக் காபியைக் குடித்தேன்.

பொருளின் பெயர் நுப்பு. பெல்ஜிய ஷெப்பர்ட், பெண், ஐந்தரை வயது. லாரியிலும் காரிலும் ஒளிந்திருக்கும் ஆட்களை மோப்பம் பிடித்துக் கண்டுபிடிக்கிற நாய். வேறு எந்த வேலையும் அதற்குச் சொல்லித்தரவில்லை. நுப்புவின் விலையும் பயிற்சிச் செலவும் சேர்ந்து ஒரு நல்ல காரின் விலை வரும். அதில் முக்கால் பங்கு ஐரோப்பிய நாடுகள் இருபத்தேழும் சேர்ந்து போட்டது, கால் பங்கு நம்முடையது. கிழக்கே இருக்கிற இந்த எல்லை ஃபின்லாந்துக்கு மட்டும் எல்லை இல்லை, லிஸ்பனில் மீன் விற்கிறவனுக்கும் இதுதான் எல்லை, ஆகவே அவனும் செலவில் பங்கு போட வேண்டும் என்பது ஏற்பாடு. நியாயம்தான். அவன் காசைப் போட்டான், நான் மைனஸ் முப்பது டிகிரியில் காவல் நின்றேன். பொதுப் பணத்தில் வாங்கிய எல்லாவற்றிலும் பன்னிரண்டு நட்சத்திரம் போட்ட நீல ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்று விதி. நாயின் மேல் எங்கே ஒட்டுவது? கூண்டில் ஒட்டினோம். முதல் வாரமே அதைக் கிழித்துத் தின்றுவிட்டது கழுதை.

நுப்பு வந்து நான்கு வருஷம் ஆகிறது. அதற்கு முந்தின வருஷம் என் மனைவி ஹில்க்கா ஊலு நகரத்துக்குப் போய்விட்டாள். சண்டையெல்லாம் இல்லை. “உங்களுக்கு இந்தச் சுவரே தேவலை. குளிர்ல அப்பப்போ சத்தமாவது போடுது” என்று மட்டும் சொன்னாள். உண்மைதான், எனக்குப் பேச வராது. ஆனால் நுப்பு வந்த பிறகு பேசினேன். கடையில் வெண்ணெய் விலை ஏறியதைச் சொன்னேன், ரேடியோவில் கேட்டதைச் சொன்னேன், முட்டி வலியைச் சொன்னேன். அது தலையைச் சாய்த்துக் கேட்கும். இரண்டு வருஷத்துக்கு முன்பு அரசாங்கம் சாவடியை மூடியதும், பகலெல்லாம் வரிசையாக நின்ற லாரிகள் ஒரே நாளில் நின்றுபோயின. இப்போது தடுப்புக் கம்பத்துக்கு அடியில் முயல்தான் போய் வருகிறது. வண்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாங்கள் இரண்டு பேரும் காலையில் எழுந்து போய், தடுப்பைப் பார்த்துவிட்டு வந்தோம்.

படிவம் அனுப்பின அன்றே மதியம் மர்யுத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். சாவடிக்குத் தலைமை அவள்தான். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பனிச்சறுக்குக் கட்டையில் நிற்கவே தெரியாமல் விழுந்து விழுந்து எழுந்தபோது தூக்கிவிட்டவன் நான். அதனால் அவள் என்னை மரியாதையாகத்தான் திட்டுவாள்.

“இல்போ, என்ன எழுதி வெச்சிருக்கீங்க இது?”

“கேட்டிருந்தாங்க. எழுதினேன்.”

“சோபால தூங்குதுன்னு யாராவது எழுதுவாங்களா?”

“தூங்குதே.”

அவள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். “அய்யோ சாமி. வடக்குல ஒரு பனி ஸ்கூட்டர் மூணு வருஷமா கொட்டகையில துருப்பிடிச்சுக் கிடக்கு. அவங்க என்ன எழுதினாங்க தெரியுமா? ‘ஆம்’. அவ்வளவுதான், கதை முடிஞ்சுது. இந்த நாட்டுலயே நீங்க ஒருத்தர்தான் ‘இல்லை’.”

“சரி, இல்லைன்னா என்ன ஆகும்?”

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து விளக்கினாள். வாங்கின பொருள் ஓரிடத்தில் பயன்படாவிட்டால், ஐந்து வருஷக் கெடு முடிவதற்குள் தேவைப்படுகிற இன்னொரு எல்லைக்குக் கொடுக்க வேண்டும். அது எல்லோருடைய பணம். பல்கேரியாக்காரர்கள் இப்படி ஒரு நாயைப் போன வருஷத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

“இன்னும் ஒரே ஒரு வருஷம் வாயை மூடிட்டு இருந்திருந்தா அது உங்க நாய். யாரும் கேட்டிருக்க மாட்டாங்க” என்றாள். “உங்க பக்கத்தை மறுபடி திறந்து விட்டிருக்கேன். நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு மணி வரைக்கும் டைம். உள்ள போய் ‘ஆம்’னு மாத்துங்க. நான் எதையும் பார்க்கல.”

மறுநாள் பதினொரு மணிக்கே உட்கார்ந்துவிட்டேன். நுப்பு மேசைக்கு அடியில் என் கால்மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தது. ‘இல்லை’யை எடுத்துவிட்டு ‘ஆம்’ போட்டேன். இருபத்தேழு வருஷ வேலையில் முதல் பொய் இவ்வளவு சுலபமா என்றுகூட நினைத்தேன். உடனே கீழே ஒரு புதுக் கட்டம் திறந்தது. ‘கடைசியாகப் பயன்படுத்திய தேதி’.

உண்மையான தேதி எனக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் டிசம்பர் பதினான்கு, காலி மரச்சட்டங்கள் ஏற்றிய ஒரு லாரி, உள்ளே யாரும் இல்லை. அதைப் போட்டேன். கட்டம் சிவப்பாகிவிட்டது. கடந்த பன்னிரண்டு மாதத்துக்குள் இருக்க வேண்டுமாம். சரி, ஏதாவது ஒரு தேதி. மார்ச் மூன்று என்று அடித்தேன். மார்ச் மூன்றில் எனக்குக் கடும் காய்ச்சல். நுப்பு இரண்டு நாள் கட்டிலை விட்டு நகரவில்லை, சாப்பாட்டுத் தட்டைக்கூட நான் கட்டில் பக்கத்தில் வைத்த பிறகுதான் தின்றது. அழித்தேன். ஜூன் இருபத்தொன்று. அன்று ஏரியில் படகு விட்டோம், நடுவில் ஒரு வாத்தைப் பார்த்து நுப்பு தண்ணீரில் குதித்து, என்னையும் நனைத்து, நான் சத்தமாகச் சிரித்தேன். என் சிரிப்புச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. அதையும் அழித்தேன். ஆகஸ்ட் ஒன்பது, காளான் பொறுக்கப் போனோம். செப்டம்பர் கடைசி, ஹில்க்கா மறுபடி கல்யாணம் செய்துகொண்டதாகக் கடிதம் வந்த நாள். அன்று நான் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் அதுவும் உட்கார்ந்திருந்தது. எந்தத் தேதியைப் போட்டாலும் அன்று என்ன செய்தோம் என்று ஞாபகம் வந்தது. ஒரு தேதியில்கூட நாங்கள் வேலை செய்திருக்கவில்லை.

மணி பன்னிரண்டு ஆனதும் திரை சாம்பல் நிறமாகிப் பூட்டிக்கொண்டது. முதலில் அனுப்பிய ‘இல்லை’யே நின்றுவிட்டது. இல்போ மாதிரி நேர்மையான மனுஷன் கிடையாது, கடைசிவரை பொய் எழுதவில்லை என்று மர்யுத் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நேர்மையாவது ஒன்றாவது. நான் பழசை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நேரம் போய்விட்டது. மடையன்.

ஜனவரியில் கிரசிமிர் வந்தான். பல்கேரியாவில் துருக்கி எல்லையில் நாய் பழக்குகிறவன், என் வயதுதான் இருக்கும், தடித்த மீசை, மெல்லிய கோட்டு. இந்தக் கோட்டோடு இருந்தால் நான்கே நாளில் செத்துப்போவாய் என்று என் பழைய மேலங்கியைக் கொடுத்தேன். வெறுக்க வேண்டும் என்று தயாராகத்தான் இருந்தேன். அவன் வந்ததும் வராததுமாகப் பனியில் மண்டி போட்டு, நுப்பு தன்னை முகர்ந்து முடிக்கும்வரை அசையாமல் இருந்தான். வெறுக்க வரவில்லை, அதுவும் ஒரு எரிச்சல்.

எங்கள் இரண்டு பேருக்கும் அரைகுறை இங்கிலீஷ். நாய்க்கோ நம் ஃபின்லாந்து பாஷை மட்டும்தான் தெரியும். தேடச் சொல்ல ‘எத்ஸி’ என்று சொல்ல வேண்டும். அவன் நன்றாகவே சொன்னான். முதல் இரண்டு நாளும் அவன் ‘எத்ஸி’ என்றால் நுப்பு திரும்பி என் முகத்தைப் பார்த்தது. நான் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாலும் உட்கார்ந்து காத்திருந்தது.

“அது உன்னை விட்டு வராதுய்யா” என்றான்.

“வரும். நான் உள்ள ஒளிஞ்சுக்கறேன். நீ சொல்லு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ, அது தேடும்போது யாரும் பேரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பேரைச் சொன்னா வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம், எல்லாத்தையும் விட்டுட்டு ஓடி வந்துடும். அப்படித்தான் பழக்கியிருக்கேன்.”

முற்றத்தில் பயிற்சிக்கென்று ஒரு பழைய லாரி உண்டு. அதில் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். இருட்டு, குளிர், ரப்பர் நாற்றம். மூச்சை அடக்கிக்கொண்டேன். வெளியே ‘எத்ஸி’ என்று அவன் குரல். இந்தத் தடவை நிற்கவில்லை, பனியை நொறுக்கிக்கொண்டு ஓடி வந்தது. லாரியை ஒருமுறை சுற்றியது. அப்புறம் ஒரு குரைப்பு, என்ன ஒரு குரைப்பு! அவன் கதவைத் திறந்ததும் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்து என் மூக்கு, காது, தொப்பி எல்லாவற்றையும் நக்கித் தள்ளியது. கிரசிமிருக்கு ஒரே சந்தோஷம். இரண்டு நாளில் பதினொரு தடவை ஒளிந்தேன், பதினொரு தடவையும் கண்டுபிடித்தது. ஒளிந்திருந்த நேரத்தில் நானும் சந்தோஷமாக இருந்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு உயிர் நம்மைத் தேடிக்கொண்டு வருவதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பது சாதாரண விஷயமா?

கடைசி நாள் சாயங்காலம் சவுனா நீராவி அறையில் உட்கார்ந்திருந்தோம். கிரசிமிர், “போன கோடைல ஒரு லாரியைத் திறக்க எங்களுக்கு லேட் ஆயிடுச்சு” என்றான். “குளிர்சாதன வண்டி. குளிரூட்டுற மோட்டார் நின்னுபோச்சு. உள்ள ஏழு பேர். அன்னிக்கு ஷிஃப்ட்ல நாய் இல்ல.”

நான் கல்லின் மேல் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினேன். ஆவி எழுந்து இரண்டு பேர் முகத்தையும் மறைத்தது. இன்னொரு கரண்டி ஊற்றினேன்.

காலையில் அவன் வேனைத் திறந்ததும் நுப்பு தானாகவே உள்ளே குதித்தது. மூலை மூலையாக முகர்ந்து பார்த்துவிட்டு, யாரும் இல்லை என்று என்னைப் பார்த்தது. சரி, இருக்கட்டும் என்பதுபோல உட்கார்ந்தது. கதவைச் சாத்தினோம். வேன் போன பிறகு மர்யுத், “வீட்டுக்கு வாங்க இல்போ, சால்மன் சூப் வெச்சிருக்கேன்” என்றாள். “பார்க்கலாம்” என்றேன். எங்கள் ஊரில் பார்க்கலாம் என்றால் வரமாட்டேன் என்று அர்த்தம், அவளுக்கும் தெரியும். வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்து, “குளிருதா?” என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் யாரும் இல்லை என்பது உறைத்தது. என்னை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது. அப்புறம் இரண்டு மாதம் நான் எதுவும் கேட்கவில்லை. சில நாள் கடைக்காரியிடம் நன்றி சொன்னதுதான் அன்றைய மொத்தப் பேச்சு.

மார்ச் கடைசியில் ஒரு மத்தியானம், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கிரசிமிர்.

“இல்போ, ஒரு பிரச்சினை. நுப்பு ஆளைக் கண்டுபிடிக்குது. எனக்குத் தெரியுது, வாலு விறைக்குது. உள்ள ஏறிப் போகுது, ஆளைப் பார்க்குது, குரைக்காம இறங்கி வந்துடுது. முந்தாநாள் தார்ப்பாய்க்கு அடியில ஒரு மனுஷன். அவனை முகர்ந்து பார்த்துட்டுப் பேசாம வந்துடுச்சு. எங்க ஆள் ஒருத்தன் தற்செயலா தார்ப்பாயைத் தூக்கினதால அந்த மனுஷன் பிழைச்சான். இன்னும் ஒரு வாரம் பார்ப்பாங்க. அப்புறம் உதவாதுன்னு எழுதிடுவாங்க.”

கத்தியைக் கீழே வைத்தேன். அவன் சொல்லி முடிப்பதற்குள்ளேயே எனக்குப் புரிந்துவிட்டது. பதினொரு தடவை! ‘எத்ஸி’ என்றால் லாரிக்குள் நான் இருப்பேன் என்று நானேதான் அதற்குப் பழக்கிவிட்டேன். அங்கே எவன் எவனோ இருக்கிறான். அது நானா என்று பார்க்கிறது, இல்லை என்று தெரிந்ததும் அடுத்த லாரிக்குப் போகிறது. உதவாது என்று எழுதிவிட்டால் அதை எனக்கே திருப்பித் தருவார்களா என்று ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நினைத்தேன். நினைத்தது நிஜம். அடுத்த நொடி அந்த ஏழு பேரின் ஞாபகம் வந்தது.

“போனை ஸ்பீக்கர்ல போட்டுத் தரையில வை” என்றேன். “உன் ஆள் யாரையாவது லாரிக்குள்ள உட்கார வை. நான் சொல்றேன், என் குரலுக்குக் கட்டாயம் தேடும். அவனைப் பார்த்துக் குரைச்சாலும் சரி, குரைக்கலன்னாலும் சரி, உடனே கட்டிப்பிடிச்சுக் கொஞ்சு. பைத்தியம் மாதிரி கொஞ்சு. தினம் செய்வோம். நான் இங்கதான் இருக்கேன், எங்க போகப்போறேன்?”

அங்கே வெயில் என்று நினைக்கிறேன், லாரிகளின் இரைச்சல், யாரோ உரக்கச் சிரிக்கிற சத்தம். கிரசிமிர் தயார் என்றான். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். இரண்டு மாதமாகச் சொல்லாத வார்த்தை.

“எத்ஸி!”

ஒரு விநாடி ஒன்றுமில்லை. பிறகு தார்ச்சாலையில் நகங்கள் கீறிக்கொண்டு கிளம்பின. ஒரு லாரியைச் சுற்றி ஓடுகிறது. இன்னொன்று. குரைப்பு இல்லை. நகங்கள் திரும்பி வந்தன, நெருங்கி, நேராகப் போனுக்கே வந்து நின்றன. மூச்சு இரைக்கிறது. ஈரமான மூக்கு போன்மேல் உரசும் சத்தம் என் காதுக்குள் கேட்டது. பேர் தொண்டையில் வந்து நின்றது. மூன்றெழுத்து, சொன்னால் போதும், வேலை முடிந்தது என்று அங்கேயே உட்கார்ந்துவிடும். நான் வாயைக் கையால் இறுகப் பொத்திக்கொண்டேன். உருளைக்கிழங்கு மண் உதட்டில் ஒட்டியது. மூச்சை அடக்கிக்கொண்டு, என் சமையலறை நடுவில் அசையாமல் நின்றேன். நகங்கள் மறுபடி கிளம்பி, அடுத்த லாரியை நோக்கி ஓடின.