நானூற்றுப் பன்னிரண்டு தபால் பெட்டிகள்

எங்கள் வட்டத்தில் ஒன்பது பேர், ஒன்பது வண்டிகள். எல்லோரும் தனிக்கட்டை. கணவனோ மனைவியோ செத்திருக்கலாம், விவாகரத்து ஆகியிருக்கலாம், கல்யாணமே ஆகாமலும் இருந்திருக்கலாம். வீடாகவே வாழும் வண்டி இது; ஒரு கேரவனுக்குள் ஒரு ஆள்தான் படுக்க வேண்டும் என்பது விதி. போன வருடம் ஒரு பல் டாக்டரும் ஒரு டீச்சரம்மாவும் ஒருவரையொருவர் விரும்பித் தொலைத்தார்கள். கேக் வெட்டி வாழ்த்தினோம், மறுநாளே விலக்கினோம். தனிமை என்றால் என்னவென்று தெரியாதவர்களோடு எங்களுக்கு என்ன பேச்சு?

தினமும் மாலை நான்கு மணிக்கு அவரவர் மடக்கு நாற்காலியையும் அவரவர் டம்ளரையும் தூக்கிக்கொண்டு வந்து வட்டமாக உட்காருவோம். ஆறு மணிக்கு எழுந்து போய்விடுவோம். அரிசோனா பாலைவனத்தில் அரசு நிலத்துக்கு வாடகை கிடையாது. ஆனால் பதினாலு நாளுக்கு மேல் ஒரே இடத்தில் நின்றால் அந்த நிலத்தைக் காக்கும் ரேஞ்சர் வந்து கதவைத் தட்டுவார். அதனால் பதின்மூன்றாம் நாள் மார்லிஸ் அடுத்த இடத்தின் மேப் எண்களைத் துண்டுச் சீட்டில் எழுதி ஆளுக்கு ஒன்று கொடுப்பாள். சீட்டு கிடைத்தால் நீங்கள் எங்கள் ஆள். மார்லிஸ் மினசோட்டாவில் முப்பது வருடம் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையை ஆண்டவள். யாருக்கு எத்தனை கரண்டி என்பது அவளுக்குப் பார்த்த பார்வையிலேயே தெரியும்.

டெல்மர் ஜனவரி மாதம் வந்து சேர்ந்தார். எழுபத்துநாலு வயது. நெப்ராஸ்காவில் கிராமத் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி வசந்த காலத்தில் இறந்திருந்தாள். பழைய வண்டி, பக்கவாட்டில் ஒரு பிரவுன் கோடு. நல்ல மனுஷர், அதுதான் தொல்லை. காலையில் நாங்கள் எழுவதற்குள் ஒவ்வொரு வண்டியின் டயரையும் குச்சியால் தட்டிப் பார்த்து, காற்று குறைவு என்று ஜன்னல் வழியாகச் சொல்லுவார். நாலு மணி வட்டத்துக்கு மூன்றே முக்காலுக்கு வருவார். மக்ரோனி சாலட் செய்து அதில் உலர்ந்த திராட்சையைப் போடுவார். வேண்டாம் என்றால் இன்னும் கொஞ்சம் போடுவார்.

அதையெல்லாம் பொறுக்கலாம். அவர் தபால் கொடுத்துவந்த பாதையில், வீட்டு வாசல்களில் நிற்கும் நானூற்றுப் பன்னிரண்டு தபால் பெட்டிகள். அதை முதல் பெட்டியிலிருந்து வரிசையாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஏழாம் பெட்டிக்கும் எட்டாம் பெட்டிக்கும் நடுவில் தன் விஷயமும் ஒன்று சொன்னார். "எம் மகன் கென்ட்டு, நான் தனியா கிடக்கக் கூடாதுங்குறான். எனக்கு இங்க ஒன்பது பேரு இருக்காங்கடான்னு சொல்லியிருக்கேன். மாசக் கடைசி சனிக்கிழமை நேர்ல வந்து பாக்குறானாம். ஆள் இல்லன்னா வண்டிய வித்துட்டு என்னைய முதியோர் இல்லத்துல போட்டுருவான்."

"அப்படியா," என்றாள் மார்லிஸ்.

"நீங்க இருக்கீங்கள்ல, எனக்கென்ன கவலை," என்று சொல்லிவிட்டு அவர் எட்டாம் பெட்டிக்குப் போனார்.

பதின்மூன்றாம் நாள் சீட்டு எழுதும்போது லோவெல் பக்கத்தில் நின்றான். லோவெல் ஒரு காலத்தில் கார் விற்றவன். பொய் சொல்லும்போதுதான் அவன் குரலில் ஒரு கனிவு வரும்.

"அவருக்குச் சீட்டு குடுக்காம விட்டா மனசு கஷ்டப்படுவாரு," என்றான்.

"குடுத்தா நம்ம மனசு கஷ்டப்படும்."

"அதான். குடு. ஆனா முப்பத்துமூண முப்பத்திரெண்டுன்னு போடு."

மேப்பில் அட்சரேகை ஒரு எண் குறைந்தால் தெற்கே எழுபது மைல். மார்லிஸ் பேனாவை ஒரு நிமிஷம் கன்னத்தில் வைத்து யோசித்தாள். பிறகு அழகாக எழுதி, கீழே ஒரு பூவும் வரைந்தாள். சம்மதமா என்று கை தூக்கச் சொன்னபோது ஒன்பது கையும் உயர்ந்தது, என்னுடையதும் சேர்த்து. டெல்மர் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துப் பட்டன் போட்டுக்கொண்டார்.

மறுநாள் மாலை நான்கு மணிக்கு மார்லிஸின் போன் அடித்தது. அவள் அதை ஐஸ் பெட்டியின் மூடிமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"நான் வந்து சேந்துட்டேங்க," என்றார் டெல்மர். "நல்ல இடம். உங்க யாரையும் காணலியே. வழியில ஏதும் ஆயிருச்சா?"

"லோவெல் வண்டி படுத்துருச்சு. மெக்கானிக் கடையில நிக்கிறோம்," என்றாள் மார்லிஸ்.

"ஐயையோ. டயரா?"

லோவெல் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். "டயருதாங்க. நீங்க சொன்னப்பவே கேட்டிருக்கணும்."

"சரி, பொறுமையா வாங்க. நான் இங்க ஒன்பது நாற்காலி போடுற அளவுக்குக் கல்லெல்லாம் பொறுக்கி வச்சிருக்கேன். அதுவரைக்கும் சும்மா இருப்பானேன், நாப்பத்தொண்ணாம் பெட்டியில விட்டேன்ல?"

எங்களுக்கும் வேறு வேலை இல்லை. கேட்டோம்.

போனில் டெல்மர் வேறு ஆளாக இருந்தார். திராட்சை இல்லை. இருமினால் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம். அறுபத்திமூன்றாம் பெட்டி ஹெட்விக் என்ற கிழவி. முற்றம் முழுக்க சிமெண்ட், ஆனால் வருடா வருடம் விதைப் பட்டியல் வரவழைப்பாள். நூற்றுப் பதினெட்டும் பத்தொன்பதும் ஒரே வீடு. பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பி, ஒரே கூரையின் கீழ் இருந்து ஒருவருக்கொருவர் ஸ்டாம்ப் ஒட்டிக் கடிதம் போடுவார்கள்.

"உப்பு தீந்துருச்சுன்னுகூட கார்டுல எழுதுவான்," என்றார் டெல்மர். "ரெண்டு நாள் கழிச்சு நான்தான் கொண்டுபோய்க் குடுப்பேன். அதுவரைக்கும் உப்பில்லாமத் திம்பானுங்க."

அன்றைக்கு மார்லிஸ் சிரித்ததில் டம்ளர் கவிழ்ந்தது. ஒரு வாரத்தில் நாங்கள் மூன்றே முக்காலுக்கே வந்து உட்கார ஆரம்பித்தோம். நாலு ஆனதும் போன் மணி அடிக்காவிட்டால் லோவெல், "என்னாச்சு அந்தாளுக்கு, பொறுப்பே இல்லயே," என்பான்.

நடு நடுவே அவர் ஏதாவது கேட்பார். ஒருநாள், "தண்ணித் தொட்டி காலியாகுதுங்க. ஊருக்குள்ள போய்ப் புடிச்சுட்டு வரலாம், ஆனா அந்த நேரம் பாத்து நீங்க வந்துட்டா?" என்றார்.

"போகாதீங்க," என்றான் லோவெல் கனிவாக. "எப்ப வேணா வந்துருவோம்."

குளிப்பதை நிறுத்திவிட்டதாக மறுநாள் சொன்னார். அந்த வகையில் அவர் தூரத்தில் இருப்பது நல்லதாகப் போயிற்று என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

நூற்று எண்பத்தேழாம் பெட்டி ஒரு வியாழக்கிழமை வந்தது. இர்மா என்ற விதவை. பதினோரு வருடமாக அவளுக்கு மாதம் ஒரு கடிதம், அனுப்பியவர் பெயர் இல்லாமல். ஊரில் யாருக்கும் அந்தக் கையெழுத்து தெரியாது. "ஒருநாள்," என்றார் டெல்மர், "கவரு ஒட்டாமலே வந்துருச்சு. நான் வண்டிய ஓரங்கட்டினேன்."

"பிரிச்சீங்களா?" என்றாள் மார்லிஸ்.

"நாளைக்குச் சொல்றேன். இன்னிக்கு வேற ஒண்ணு பேசணும். நாளன்னிக்குச் சனிக்கிழமை. கென்ட்டு வர்றான். நீங்க எனக்குக் குடுத்தது தப்பான இடம்னு தெரியும். மொத நாளே தெரியும். மெக்கானிக் கடையில யாரும் டம்ளர்ல ஐஸ் போட்டுக் குடிக்க மாட்டாங்க, எனக்கு அந்தச் சத்தம் நல்லாவே கேட்டுச்சு. அதுல எனக்கு வருத்தம் இல்லங்க. ஒரே ஒரு மத்தியானம், நாற்காலியத் தூக்கிட்டு வந்து உக்காந்துட்டுப் போனாப் போதும். நம்பர் ஒண்ணு மாறியிருக்கும்னு நெனக்கிறேன், எழுபது எண்பது மைல்தான் இருக்கும். பெட்டியப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

யோசித்துச் சொல்கிறோம் என்று மார்லிஸ் போனை அணைத்தாள். அவள் முகம் சிவந்திருந்தது. வெட்கமாக்கும் என்று நினைத்தேன்.

"பத்து நாளா," என்றாள். "பத்து நாளா எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே நம்மகிட்ட நடிச்சிருக்காரு."

"வண்டி படுத்துருச்சுன்னு பொய்யி சொன்னப்ப 'ஐயையோ'ன்னாரு பாரு," என்றான் லோவெல். "எவ்வளவு அழுத்தம் இருக்கணும். அப்படிப்பட்ட ஆள எப்படி நம்புறது?"

எங்கள் எல்லோருக்குமே மனசு விட்டுப்போயிற்று. போவதில்லை என்று முடிவாயிற்று. ஆனாலும் நாங்கள் கல்நெஞ்சர்கள் அல்ல. சனிக்கிழமை நாலு மணிக்கு மகனிடம் போனில் பேசி, நாங்கள் இருக்கிறோம் என்று சொல்வதாக ஒத்துக்கொண்டோம். வெள்ளிக்கிழமை போனில் இதைச் சொன்னதும் டெல்மர் மூன்று தடவை நன்றி சொன்னார். அன்றைக்குப் பெட்டிக் கதை சொல்ல மறந்துவிட்டார். கேட்பதற்கு எங்களுக்கும் ஒரு மாதிரி இருந்தது.

சனிக்கிழமை மார்லிஸ் போன் பேசுவதற்காகத் தலைக்குக் குளித்திருந்தாள்.

"நான் கென்ட் பேசுறேன்," என்றது களைத்த குரல். "நீங்கதான் அப்பாவோட ஃப்ரெண்ட்ஸா?"

"ரொம்ப நெருக்கங்க. குடும்பம் மாதிரி," என்றான் லோவெல்.

"சந்தோஷம். தப்பா எடுத்துக்காதீங்க, இந்தக் காலத்துல போன்ல யாரு எவருன்னு தெரியறதில்ல. அப்பாவோட முழுப் பேரு என்ன, சொல்லுங்க?"

பாலைவனத்தில் யாரும் யாரிடமும் குடும்பப் பெயர் கேட்பதில்லை. முதல் பெயர், பிறகு வண்டியின் நிறம். மார்லிஸ் எங்களைப் பார்த்தாள். நாங்கள் எங்கள் டம்ளர்களைப் பார்த்தோம்.

"டெல்மர்," என்றாள். "பிரவுன் கோடு போட்ட வண்டி."

"சரி, எங்க அம்மா பேரு?"

அதை அவர் சொல்லியிருக்கிறார். முதல் வாரத்திலேயே சொன்னார். அப்போது லோவெல் மக்ரோனியிலிருந்து திராட்சையைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"அறுபத்திமூணாம் பெட்டிக்காரம்மா பேரு ஹெட்விக்கு," என்றான் லோவெல், பரீட்சையில் தெரிந்த விடையை எழுதுகிறவனைப் போல. "அதுல இருந்து எதுவேணாக் கேளுங்க."

மறுமுனையில் மகனுக்குப் பின்னாலிருந்து டெல்மரின் மெல்லிய குரல் கேட்டது. "ஹாஸ்... ஹாஸ்னு சொல்லுங்க. அவ பேரு லூயெல்லா."

"ஹாஸ்," என்றாள் மார்லிஸ். "லூயெல்லா."

"ரொம்ப நன்றிங்க," என்றார் கென்ட். திட்டவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. "அப்பா, கெளம்புங்க. பாத்திரத்த நான் எடுத்து வக்கிறேன்." பிறகு போன் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஒன்பது பேரும் உட்கார்ந்திருந்தோம். மணி அடிக்கவில்லை. நாலேகாலுக்கு மார்லிஸே கூப்பிட்டாள். யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். இந்த முறை சுவிட்ச் ஆஃப்.

"அந்தக் கவரப் பிரிச்சாரா இல்லயா?" என்றான் லோவெல். "அத மட்டுமாச்சும் ஒரு மெசேஜு போட்டிருக்கலாம்ல?"

"இதான் நான் யாரோடயும் ஒட்டுறதில்ல," என்றாள் மார்லிஸ். "நாம பாசமா இருப்போம். அவங்க பாட்டுக்குப் போயிருவாங்க."

வெயில் கண்ணில் அடித்ததால் எல்லோரும் எழுந்து நாற்காலியைக் கிழக்குப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டோம்.