அவர்கள் கேட்ட ஓடு

முப்பது வருட உத்தரவாதம் என்று விற்ற கூரை ஓடுகள் மூன்றே வருடத்தில் உதிர ஆரம்பித்தன. கம்பெனிக்கு எழுதினோம். சோதித்துப் பார்க்க ஒரு ஓட்டைப் பெயர்த்து அனுப்பச் சொன்னார்கள். என் கணவர் க்ளோவிஸ் அனுப்பிவிட்டு, அந்த இடத்தைத் தார்ப்பாயால் மூடினார்.

இன்று எங்கள் லூசியானா கரையைப் புயல் தொட்டபோது கம்பெனிக்குப் போன் செய்தேன்.

“கூரையில நீங்க கை வச்சுட்டீங்க மேடம். இனிமே உத்தரவாதம் செல்லாது.”

“நீங்கதானேய்யா ஓடு கேட்டீங்க!”

“கேட்டோம். பெயர்த்தது நீங்கதானே?”

வாய்க்கு வந்தபடி திட்டினேன். க்ளோவிஸ் என் கையைப் பிடித்தார். “கத்தாத ஒடெட். மேல காது குடுத்துக் கேளு.”

தார்ப்பாய் கிழிந்தது. ஆணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன.

“அங்க என்ன சத்தம், மேடம்?”

“நீ கேட்ட ஓடு இருந்த இடம்டா!” என்றேன். அதற்குள் தலைக்கு மேல் வானம் தெரிந்தது.