மில்லிங் மெஷின் வீட்டுக்கு வந்த வாரம்

பதினான்கு வருஷம் வேலை பார்த்த துறைமுகப் பட்டறையை விட்டு, "இனி இந்த வாசல மிதிச்சா நான் காசிலிங்கம் இல்ல" என்று போர்மேன் அற்புதமணியின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தவன் நான். ஜெர்மன் சண்டை முடிந்து ராணுவம் கழித்துப்போட்ட சாமான்களோடு ஏலத்துக்கு வந்த ஒரு செங்குத்து மில்லிங் மெஷினை எடுத்திருந்தேன். வீட்டுக் கொல்லையில் கொட்டகையும் போட்டாயிற்று. மெஷின் பிசகில்லாமல் ஓடினால்தான் என் சொல் நிற்கும். இல்லையென்றால் ஊர் சிரிக்கும்.

பார்க்கத்தான் லட்சணம். கனம்? அட போங்கள்! முழுசாகத் தூக்க யானைதான் வரவேண்டும். பாகம் பாகமாக வீட்டுக்குக் கொண்டுபோக, நானும் கூட்டாளி ரோச்சும் ஏலம் எடுத்த இடத்திலேயே கழற்ற உட்கார்ந்தோம். மெஷினின் தலைப் பாகத்தை இறக்க ஒரு நாள், சாமானை வைத்துச் செதுக்கும் இரும்பு மேஜையை உருவ ஒரு நாள். பழைய கிரீஸ் கறுத்துப் பிசுபிசுவென்று அப்பிக் கிடந்தது. மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். மேஜை சறுக்கி ஓடும் தடங்கள் பளபளவென்று வந்தன. என் கண்ணே பட்டிருக்கும்.

மேஜையைக் கொட்டகையில் இறக்கியபோது கை இரண்டும் விட்டுப்போயிற்று. என் பெண்டாட்டி சீனித்தாய் தேங்காயெண்ணெயும் பழைய சேலையும் எடுத்து வந்தாள்.

"இதத் தடவி மூடி வைக்கட்டுமா?"

"ஏளா, இது என்ன உன் தலைமுடியா? போளா அங்கன!"

அலுப்பில் வந்த எரிச்சல். அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. மச்சினன் உப்பளத்துச் சாக்குகள் மூலையில் கிடந்தன. எங்கள் ஊரில் மாட்டுக்குப் போர்த்துவதும் அதுதான், மழைக்குத் தலையில் போடுவதும் அதுதான். கை தானாக இழுத்தது. நாலு சாக்கைப் போட்டு மூடினேன்.

மெஷினின் தூண் வந்துசேர நாலு நாள் ஆயிற்று. வண்டி அச்சு மணலில் முறிந்துபோக, பனந்தடிகளை அடியில் கொடுத்து உருட்டி, அடிக்கு அடி நின்று கொண்டுவந்தோம். தோளில் தோல் இல்லை. ரோச் மாதாவைக் கூப்பிட்டான், என்னை ஏசினான், மறுபடி மாதாவைக் கூப்பிட்டான். கடல்காற்று வேறு நாலு நாளும் ஈரமாக அடித்தது.

தூணை நிறுத்திவிட்டு, மேஜையை ஏற்றுவதற்காகச் சாக்கை விலக்கினேன். தடம் முழுக்கச் சிவப்பு. விரலால் தேய்த்தேன். துரு பொடியாக உதிர்ந்தது, கீழே குழி குழியாக இருந்தது.

"ஏலே, உப்புச் சாக்கையாலே போட்ட?" என்றான் ரோச்.

"வாய மூடுலே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சீனித்தாய் அந்தப் பழைய சேலையை எடுத்துவந்து துருவைத் துடைக்க உட்கார்ந்தாள். நாலு வார்த்தை ஏசியிருந்தால் தேவலை.

தடங்களைக் கையால் சுரண்டிச் சுரண்டி மட்டமாக்கலாம். மாதக்கணக்கில் ஆகும். ஆனால் மட்டம் சரிபார்க்கும் பெரிய இரும்புப் பலகை எனக்குத் தெரிந்து ஊரில் ஒன்றே ஒன்றுதான். அது பட்டறையில் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். அற்புதமணி ஏற இறங்கப் பார்த்தார். விஷயம் எனக்கு முந்தியே வந்து சேர்ந்திருந்தது.

"பலகை வெளிய போகாதுடே. மேஜைய இங்கன கொண்டாந்து, வேலை முடிஞ்சபொறவு வச்சுச் சுரண்டு."

"சரி, அண்ணாச்சி."

"வெளியாளு உள்ள வேலை பாக்கக் கூடாது. தெரியும்லா?"

தெரியும். அவர் ஆள்கணக்கு நோட்டை எடுத்து என் பெயரை எழுதினார். முதல் பக்கத்தில் மூன்றாவதாக இருந்த பெயர், இப்போது போன வாரம் சேர்ந்தவனுக்குக் கீழே. வெட்கப்படக்கூட உடம்பில் தெம்பில்லை.

"காலம்பர ஏழு மணிக்கு வந்துரு" என்றார்.

"வாரேன், அண்ணாச்சி" என்றேன்.