மேற்கு வாயிற்படி

அரசு மருத்துவமனையின் பிணவறைக்கு வாயில்கள் இரண்டு. உள்ளே அறை ஒன்றுதான், குளிர்பெட்டி ஒன்றுதான், மூலையில் ஓயாமல் சொட்டும் குழாயும் ஒன்றுதான். ஆயினும் கிழக்குத் தெருவாரின் உடல் கிழக்கு வாயில் வழியே போகும். மேற்குத் தெருவாரின் உடல் மேற்கு வாயில் வழியே போகும்.

ஆங்கிலேயர் ஆண்ட நாளில் இரு தெருவாருக்கும் ஒருமுறை கைகலப்பு மூண்டது. அடக்க வந்த வெள்ளைக்கார அதிகாரி ஊரை இன்னார் இன்னார் என்று கூறுபோட்டான். இருந்த ஒரு வாயிலை இரண்டாக்கினான். வெளி முற்றத்தின் நடுவே மதில் எழுப்பினான். பின்னர் அவன் கப்பலேறினான். வாயில்கள் ஏறவில்லை. பேசும் தமிழ் ஒன்றாயிருந்தும், இரு சாராரும் அவ்வழக்கத்தைக் கடவுள் வகுத்ததாகவே தலைமேற்கொண்டனர்.

கடைசல் பட்டறையில் இரும்பு இழைக்கும் தம்பி கிழக்கு வாயில்முன் நின்றான். உள்ளே கிடந்தவள் அவனுடைய ஒரே அக்கா. தையற்கூடத்தில் துணி வெட்டும் மேசைமுன் நின்றவாறே சரிந்துபோனவள். மேற்குத் தெருவார் ஒருவரை மணந்து சென்ற நாள்முதல் பிறந்த வீட்டில் அவள் பெயரை எடுப்பாரில்லை. இன்றோ அவளையே எடுத்துவரும்படி அப்பா ஆணையிட்டிருந்தார்.

"உசிரோட அவங்க வாசல்ல போனா. பிணமாவாவது நம்ம வாசல்ல வரட்டும். வெறுங்கையோட வர்றதா இருந்தா நீயும் வீட்டுக்கு வராதே."

பெரியப்பா வண்டியுடன் முற்றத்தில் காத்திருந்தார். தம்பிக்கு அழுகை வரவில்லை. யாரோ இரவல் வாங்கிப்போன பொருள்போல் அது எங்கோ இருந்தது.

பிணவறைக் காவலர் கதவைத் திறந்தார். சாவிகள் இரண்டும் அவர் இடுப்பிலேயே தொங்குவதால் ஊரார் அவரைக் கவர்னர் என்பர்.

"உள்ள வாங்க தம்பி. அந்தப் பக்கத்து ஆளும் வந்தாச்சு. சண்டை போடறதுன்னா மெதுவாப் போடுங்க. இங்க எல்லாரும் தூங்கறாங்க."

மறுவாயிலை ஒட்டி அக்காவின் கணவர் நின்றிருந்தார். அவர் கையில் ஒரு வெள்ளைப் போர்வை; தம்பியின் கையிலும் ஒன்று.

"ரெண்டு பேரும் ஒரே கடையிலதான் எடுத்திருக்கீங்க," என்றார் கவர்னர். "கரை பாருங்க, அச்சு அசலா ஒண்ணு."

"வா மச்சான்," என்றார் அக்காவின் கணவர், நேற்றுப் பார்த்துப் பிரிந்தவர்போல. "தினமும் உங்க பட்டறைச் சங்கு ஊதினா, தம்பி உள்ள போயிருப்பான்னு சொல்லுவா. நேத்தும் சொன்னா."

தம்பி தன் கையிலிருந்த போர்வையைப் பார்த்தான். "அப்பா எங்க வாசல்ல கொண்டுவரச் சொன்னாரு."

"தெரியும். நீ சொல்லு, நான் தடுக்க மாட்டேன். ஒரு பக்கம் நானும் பிடிச்சுக்கறேன். ஆனா உங்க படியோட நான் நின்னுடணும். பிள்ளைங்க இந்தப் பக்கம் நிக்குதுங்க."

தம்பி அக்காவைப் பார்த்தான். விரல்நுனியில் தையற் சுண்ணத்தின் நீலம் ஒட்டியிருந்தது. நேற்று யாருடைய சட்டைக்கோ போட்ட கோட்டின் மிச்சம். அவன் தன் போர்வையைப் போர்த்தினான். அதன்மேல் அவர் தம்முடையதைப் போர்த்தினார்.

"உங்க பக்கமே போகலாம் அத்தான்."

அச்சொல்லை அவன் முன்பு சொன்னதில்லை.

அத்தான் முன்னே பிடிக்க, தம்பி பின்னே பிடிக்க, தூக்குப்படுக்கை நகர்ந்தது. அத்தான் வெளியே இறங்கினார். தம்பியின் கால் மேற்கு வாயிற்படியில் நின்றது.

"போங்க தம்பி," என்றார் கவர்னர். "அந்தச் சட்டம் எப்பவோ செத்துப்போச்சு. அதோட பிணந்தான் இன்னும் வெளிய போகல."

மேற்குத் தெருவாரும் வழிவிட்டு ஒதுங்கினர். தடுப்பார் யாருமில்லை. கால் எழவில்லை. அச்சமில்லை, வெறுப்பில்லை, மின்சாரம் போனபின் கடைசல் எந்திரம் நிற்பதுபோல் அது நின்றது. பிறந்த நாள்முதல் அந்தப் படியைத் தாண்டாத கால்.

அக்காவின் முகத்தை அப்படியே கொண்ட பெண்ணொருத்தி படியேறி வந்தாள். அவளை அவன் கண்டதில்லை.

"குடுங்க மாமா," என்றாள். "அம்மாவை நான் பிடிச்சுக்கறேன்."

பிடியைக் கொடுத்தான். கை இலேசாயிற்று, வேறொன்றும் தோன்றவில்லை.

கிழக்கு வாயிலில் பெரியப்பா கேட்டார்: "எங்கடா அவ?"

"வீட்டுக்குப் போயிட்டா பெரியப்பா."

"அப்போ உனக்கு ஏது வீடு?"

மதிலுக்கு அப்பால் அக்காவை ஏற்றிய வண்டி கிளம்பும் ஓசை கேட்டது, தேய்ந்தது. சற்றுப் பொறுத்துப் பட்டறைச் சங்கு ஊதிற்று. தம்பியின் கால்கள் தாமே அங்கு நடந்தன. பட்டறைக்கும் அந்த வெள்ளைக்காரன் நாளில் வைத்த வாயில்கள் இரண்டு. அவன் கிழக்கு வாயில் வழியே உள்ளே போனான்.